டெல்டா நெல்லுக்கு மோடிஸ் காட்டும் ஜிபிபி ஏன் இவ்வளவு குறைவு?

நாகை மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காவிரி டெல்டாவில் சம்பா நெல் ஒரு பருவத்தில் எவ்வளவு கார்பனை உள்ளிழுக்கிறது என்பதுதான் என் முதுகலை ஆய்வு. நாசா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி தரும் எட்டு நாள் ஜிபிபி (ஒளிச்சேர்க்கையில் பயிர் இழுக்கும் மொத்தக் கார்பன்) தரவை இறக்கி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வயல்களுக்கு வெட்டி எடுத்து, அக்டோபரிலிருந்து ஜனவரி வரை கூட்டிப் பார்த்தேன். இரண்டு விஷயம் இடிக்கிறது. நவம்பரில் பயிர் தூர் கட்டிப் பச்சை பிடித்து நிற்கும் நேரத்தில் கோடு கீழே விழுகிறது. அப்புறம், பருவத்தின் மொத்தமே அறுவடையாகும் நெல்லுக்குப் போதாது போலத் தெரிகிறது. வழிகாட்டியிடம் சொன்னால், "செயற்கைக்கோள் அளந்து கொடுத்த எண்ணை எதை வைத்துச் சந்தேகப்படுகிறாய்?" என்கிறார். எதை வைத்துச் சந்தேகப்படலாம்?

கோபுரத்து ஆள் எழுதியது:

செயற்கைக்கோள் ஜிபிபியை அளப்பதே இல்லை. வயலிலிருந்து திரும்பி வரும் ஒளியை மட்டும்தான் அளக்கிறது. இலையில் இருக்கும் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அதற்கு அடுத்த அகச்சிவப்பு ஒளியை இலை பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து, விழுந்த ஒளியில் எத்தனை பங்கைப் பயிர் பிடித்துக்கொண்டது என்று கணிக்கிறார்கள். அதற்கு மேல் வருவதெல்லாம் மாடல்.

மாடலின் அடிப்படை 1970களில் ஜான் மான்டீத் சொன்னது: நன்றாக வளரும் பயிர் சேர்க்கும் எடை, அது பிடித்த ஒளிக்கு ஏறக்குறைய நேர் விகிதத்தில் இருக்கும். ஆகவே சூரிய ஒளியை, பயிர் பிடித்த பங்கால் பெருக்கி, பிடித்த ஒளியைக் கார்பனாக மாற்றும் திறனால் இன்னொரு முறை பெருக்கினால் ஜிபிபி கிடைத்துவிடும். மோடிஸ் கணக்கு இதைத்தான் செய்கிறது. அந்தத் திறன் வானத்திலிருந்து வருவதில்லை, ஒரு அட்டவணையிலிருந்து வருகிறது. பசுமைமாறாக் காடு, புல்வெளி, பயிர்நிலம் என்று ஒவ்வொரு நில வகைக்கும் ஒரு உச்ச மதிப்பு. குறைந்தபட்ச வெப்பநிலையும் காற்றின் வறட்சியும் அந்த மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டும்.

உலகத்துப் பயிர்நிலம் எல்லாவற்றுக்கும் அந்த அட்டவணையில் ஒரே வரிதான். அமெரிக்காவில் ஐயோவாவின் மக்காச்சோளமும் உங்கள் திருவாரூர் நெல்லும் ஒரே திறன் உள்ளவை என்று அது எடுத்துக்கொள்கிறது. மக்காச்சோளத்தின் ஒளிச்சேர்க்கை முறையே வேறு, ஒரே வெயிலில் நெல்லைவிட அதிகம் சேர்க்கும். மண்ணின் ஈரத்தையும் இந்தக் கணக்கு நேராகப் பார்ப்பதில்லை. காற்று வறண்டிருந்தால் செடிக்குத் தண்ணீர் இல்லை என்று ஊகித்துக்கொள்ளும். மேல்காற்று வீசும் ஜூலை மாதத்தில் குறுவை வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றாலும், மாடல் அதைத் தாகத்தில் தவிக்கும் பயிராகவே எடுத்துக்கொள்ளும். சம்பாவில் காற்று ஈரமாக இருப்பதால் இந்தப் பிரச்சினை அவ்வளவு இல்லை.

சம்பாவுக்குச் சனி வேறு இடத்தில், மேகத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் எட்டு நாளும் மூடியே இருந்தால் அந்தப் பிக்சலுக்கு நல்ல படம் கிடைக்காது. அப்போது முதன்மைக் கணக்கு விலகி, மாற்றாக வைத்திருக்கும் தோராயச் சூத்திரம் ஓடும். நீங்கள் பார்த்த நவம்பர் பள்ளத்தில் ஒரு பகுதி நிஜம், வெயிலே குறைவு. மீதி மேகத்தின் கோளாறு. ஒவ்வொரு மதிப்போடும், அது எந்தக் கணக்கில் வந்தது, எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் தரக்குறி ஒன்று வரும், அதைத் திறந்து பார்த்தீர்களா? வருட முடிவில் இடைவெளிகளை நிரப்பி வெளியிடும் பதிப்பும் இருக்கிறது. அதையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வழிகாட்டிக்குச் சொல்ல நெல் மூட்டையிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. ஹெக்டேருக்கு 5 டன் நெல் என்று வைத்துக்கொள்வோம். ஈரம் போக 4.3 டன். தரைக்கு மேல் உள்ள மொத்த எடையில் நெல்மணி 45 சதவீதம் என்று எடுத்தால், வைக்கோலையும் சேர்த்து 9.6 டன் வரும். வேருக்குப் பத்து சதவீதம் கூட்டினால் பத்தரை டன். அதில் கார்பன் 42 சதவீதம் என்றால் 4.4 டன், அதாவது சதுர மீட்டருக்கு 440 கிராம். இது பயிர் உடலில் தங்கியது மட்டும். இழுத்ததில் ஏறக்குறைய பாதியைப் பயிர் தன் சுவாசத்துக்கே செலவழித்துவிடும். ஆக, சதுர மீட்டருக்கு 900 கிராமுக்குப் பக்கத்தில் ஜிபிபி இருந்திருந்தால்தான் அந்த 5 டன் களத்துக்கு வந்திருக்கும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் பாதியாகக் குறைய வழியில்லை. உங்கள் வட்டாரத்து விளைச்சலை இதில் போட்டு, மோடிஸ் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள்.

நாகை மாணவி எழுதியது:

நன்றி சார். தரக்குறியைப் பார்க்கவே இல்லை, இன்றே பார்க்கிறேன். நெல் மூட்டைக் கணக்கை என் புள்ளிகளுக்குப் போட்டுப் பார்த்தேன். மோடிஸ் தொகை எல்லா வட்டாரத்திலும் அதற்குக் கீழேதான் நிற்கிறது. இது நம் ஊருக்கு மட்டும் உள்ள குறையா?

கோபுரத்து ஆள் எழுதியது:

இல்லை. 2014-இல் லூயிஸ் குவான்டரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையைத் தேடிப் படியுங்கள். அவர்கள் பச்சையை விட்டுவிட்டு இலையின் ஒளிர்வைப் பார்த்தார்கள். பச்சையம் பிடித்த ஒளியில் ஒன்றிரண்டு சதவீதத்தை ஒளிச்சேர்க்கை நடக்கும்போதே சிவப்பாகத் திருப்பி உமிழும். கண்ணுக்குத் தெரியாது. சூரிய ஒளியின் நிறமாலையில் இயற்கையாகவே இருண்டு கிடக்கும் மெல்லிய கோடுகளில் அந்த ஒளிர்வு கொஞ்சம் வெளிச்சம் கூட்டும், அதைப் பிரித்தெடுப்பார்கள். 2009-இல் ஜப்பான் ஏவிய கோசாட் செயற்கைக்கோளின் தரவிலிருந்து 2011-இல் உலகம் முழுவதற்குமான முதல் வரைபடங்கள் வந்தன. கோசாட் ஏவப்பட்டது வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடை அளக்கத்தான், இலையின் ஒளிர்வு உபரியாகக் கிடைத்தது.

குவான்டர் குழு கண்டது இதுதான். அமெரிக்காவின் மக்காச்சோளப் பட்டையிலும் நம் கங்கைச் சமவெளியிலும் இப்படிக் கணித்த ஜிபிபி, அப்போதிருந்த கார்பன் மாடல்கள் சொன்னதைவிட 50 முதல் 75 சதவீதம் அதிகம். உரம், பாசனம், நல்ல ரகம் என்று மனிதன் செய்வது எதுவும் மாடல்களில் சரியாக ஏறவில்லை. கோடை உச்சத்தில் மக்காச்சோளப் பட்டையின் ஒளிர்வு அமேசானையே மிஞ்சியது. உலகின் மிகப் பெரிய மழைக்காட்டைவிட ஒரு விவசாயப் பகுதி அந்த மாதத்தில் வேகமாகக் கார்பன் இழுக்கிறது என்பதைப் பச்சையை மட்டும் பார்த்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ரவி, சேலம் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். "நாசா செயற்கைக்கோள் சொல்கிறது, இந்தியாவும் சீனாவும் உலகைப் பசுமையாக்குகின்றன" என்று 2019-இல் செய்தி வந்ததே. வயலும் சேர்ந்துதானே பசுமை? அப்படியானால் நாம் அவ்வளவு கார்பனைச் சேமித்திருக்கிறோம் என்று சொல்லலாம்தானே?

கோபுரத்து ஆள் எழுதியது:

செய்தி சரி, அந்த முடிவு தப்பு. அந்த ஆய்வுப்படி 2000-இலிருந்து 2017 வரை உலகின் இலைப்பரப்பு 5 சதவீதம் கூடியது, அந்தக் கூடுதலில் மூன்றில் ஒரு பங்கு இந்த இரண்டு நாடுகளில். சீனாவில் காடும் வயலும் பங்குபோட்டன. இந்தியாவில் 82 சதவீதம் வயல். ஒரு போகம் இருந்த இடத்தில் இரண்டு, இரண்டு இருந்த இடத்தில் மூன்று. பெரும்பகுதி நிலத்தடி நீரை இறைத்து. அந்த நெல்லும் கோதுமையும் ஒரு வருடத்துக்குள் சாப்பாடாகவும் தீவனமாகவும் போய், கார்பன் திரும்பக் காற்றுக்கே வந்துவிடும். ஜிபிபி கூடியது உண்மை. சேமிப்பு கூடியது என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

கடையின் வரவும் செலவும் மாதிரிதான் இது. ஜிபிபி என்பது கல்லாவுக்கு வந்த மொத்தப் பணம். செடியின் சுவாசம், மண்ணில் நுண்ணுயிர்கள் இலைச் சருகைத் தின்று விடும் மூச்சு, அறுவடை, தீ, எல்லாம் செலவு. கையில் மிஞ்சுவதுதான் நிகரம். உலக நிலப்பரப்பின் ஜிபிபி வருடத்துக்கு 123 பில்லியன் டன் கார்பன் என்று 2010-இல் வந்த ஆய்வு சொன்னது. 2024-இல், கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து இலைக்குள் போகும் கார்பனைல் சல்ஃபைடு வாயுவை வைத்துக் கணக்கிட்டவர்கள் 157 பில்லியன் டன் என்றார்கள். நிலம் கடைசியில் நிகரமாக இழுத்து வைத்துக்கொள்வதோ வருடத்துக்குச் சுமார் 3 பில்லியன் டன். வரவின் மதிப்பிலேயே 34 பில்லியன் வித்தியாசம் இருக்கும்போது, அதிலிருந்து செலவைக் கழித்து 3-ஐக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள்.

மழைக்காடு எழுதியது:

பச்சையை நம்பி உலகமே அடித்துக்கொண்ட கதை அமேசானில் நடந்தது. இந்த இழையில் அது இல்லாமல் சரிப்படாது.

2003 வரை பெரும்பாலான மாடல்கள் ஒரே பாட்டைத்தான் பாடின: கோடையில் அமேசான் காடு காய்ந்து கார்பனை இழக்கும், மழையில் மீட்கும். சான்டரேம் நகருக்குப் பக்கத்தில் டபஜோஸ் தேசியக் காட்டில் மரங்களுக்கு மேலே கோபுரம் கட்டி, காற்றில் ஏறி இறங்கும் கார்பனை ஸ்காட் சலேஸ்கா குழு அளந்தபோது விஷயம் தலைகீழாக இருந்தது. காடு கோடையில் சேர்த்தது, மழைக்காலத்தில் இழந்தது. யோசித்தால் புரியும். அங்கே மழைக்காலத்தில் வானம் மூடியே கிடக்கும், வெயில்தான் பற்றாக்குறை. தண்ணீருக்கு மரங்கள் ஆழமாக வேர் விட்டிருக்கின்றன. கிழக்கு அமேசானில் 18 மீட்டர் ஆழத்திலும் வேர் கண்டிருக்கிறார்கள். கோடையில் தரைச் சருகு காய்ந்துவிடுவதால் மக்குவதும் மட்டுப்படும்.

அடுத்து 2006-இல் மோடிஸ் படங்களை வைத்து, கோடையில் அமேசான் பச்சை கூடுகிறது என்று ஆல்ஃப்ரடோ ஹுவேட்டே குழு காட்டியது. கோபுரமும் செயற்கைக்கோளும் ஒத்துப்போனதாகவே தெரிந்தது. 2007-இல் சலேஸ்கா குழு ஒரு படி மேலே போய், 2005-இன் கடும் வறட்சியிலும் காடு பச்சையானது என்றது. 2010-இல் அரிந்தம் சமந்தாவும் கூட்டாளிகளும் அதே தரவில் மேகமும் புகையும் படிந்த பிக்சல்களைக் கழித்துவிட்டுப் பார்த்து, அப்படி ஒரு பச்சையே இல்லை என்றார்கள். அதற்கு முந்தைய வருடமே, தரையில் மரம் மரமாகச் சுற்றளவு எடுத்துவந்த ஆலிவர் ஃபிலிப்ஸ் குழு, அந்த வறட்சியில் காடு ஒரு பில்லியன் டன்னுக்கும் மேல் கார்பனை இழந்தது என்று காட்டியிருந்தது. பச்சையாகத் தெரிந்ததாகச் சொல்லப்பட்ட அதே காலத்தில் மரங்கள் செத்துக்கொண்டிருந்தன.

2014-இல் டக்ளஸ் மார்ட்டன் குழு இன்னும் ஆழமாகத் தோண்டியது. ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் சூரியன் நிற்கும் கோணம் மாறுகிறது. சூரியன் செயற்கைக்கோளின் முதுகுக்குப் பின்னால் வர வர, மரங்களின் நிழல் படத்தில் விழாமல் மறைகிறது. நிழல் குறைந்தால் அகச்சிவப்பு கூடும், பச்சைக் குறியீடு தானாக ஏறும், இலையில் எதுவுமே மாறாமல். கோணத்தைச் சரிசெய்தால் கோடைப் பச்சை காணாமல் போகிறது என்றார்கள். சலேஸ்கா தரப்பு விடவில்லை, திருத்திய தரவிலும் பச்சை மிஞ்சுகிறது என்று 2016-இல் பதில் கொடுத்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தது, என் பார்வையில், கோபுரத்தில் கட்டிய சாதாரணக் கேமரா. அதே 2016-இல் ஜின் வூ குழு காட்டியது இது: கோடையில் மரங்கள் கிழட்டு இலையை உதிர்த்துப் புது இலை விடுகின்றன. இலையின் மொத்த அளவு பெரிதாக மாறுவதில்லை, வயது மாறுகிறது. இளம் இலைக்குத் திறன் அதிகம், அதனால் ஒளிச்சேர்க்கை ஏறுகிறது. பச்சையின் அளவை மட்டும் பார்க்கும் எந்த மாடலும் இதைப் பிடிக்காது.

ரவி, சேலம் எழுதியது:

அப்படியானால் அமேசான் இப்போது கார்பனை இழுக்கிறதா, விடுகிறதா?

மழைக்காடு எழுதியது:

அதற்குப் பச்சையை விட்டு நேராகக் காற்றையே அளந்தார்கள். பிரேசிலின் லூசியானா காட்டி குழு 2010 முதல் 2018 வரை நான்கு இடங்களில் சிறு விமானத்தை மேலேற்றி, இறங்கும்போது உயரத்துக்கு உயரம் குடுவையில் காற்று பிடித்தது. மொத்தம் 590 முறை. காட்டுக்குள் வரும் கடல்காற்றில் இருந்த கார்பனையும், காட்டைத் தாண்டிய பிறகு இருந்த கார்பனையும் ஒப்பிட்டால் நடுவில் காடு என்ன செய்தது என்பது தெரியும். 2021-இல் வந்த முடிவுப்படி, காடழிப்பும் வெப்பமும் அதிகமான தென்கிழக்குப் பகுதி நிகரமாகக் கார்பனை வெளிவிடுகிறது. தீயில் வந்ததைக் கழித்த பிறகும் அப்படித்தான்.

பொள்ளாச்சித் தோப்பு எழுதியது:

தம்பிகளா, எங்கள் பக்கம் ஒரு நிறுவனத்து ஆட்கள் வந்து, உங்கள் தென்னந்தோப்பு வருடத்துக்கு இத்தனை டன் கார்பன் இழுக்கிறது, செயற்கைக்கோளிலேயே பார்த்துவிட்டோம், கையெழுத்துப் போட்டால் பணம் வரும் என்கிறார்கள். நீங்கள் பேசுவதைப் படித்தால் பயமாக இருக்கிறது. நம்பலாமா?

கோபுரத்து ஆள் எழுதியது:

ஐயா, அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சொன்ன டன் மொத்தமாக இழுத்ததா, தோப்பில் தங்கியதா? மொத்தம் என்றால் அதற்கு விலையே இல்லை, புல்லும்தான் இழுக்கிறது. தங்கியது என்றால், தண்டின் சுற்றளவும் உயரமும் டேப் வைத்து எடுத்தார்களா, மண்ணைத் தோண்டிச் சோதித்தார்களா என்று கேளுங்கள். மண்ணுக்குள் கார்பன் ஏறியதா இறங்கியதா என்பதை எந்தச் செயற்கைக்கோளும் நேரில் பார்ப்பதில்லை. மர எடையை மதிப்பிட ரேடாரும் லேசரும் உதவும், 2025-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள் அந்த வகைதான் என்று சொல்வார்கள், சரி, ஆனால் அதற்கும் தரையில் அளந்த மரம் வேண்டும். தேங்காய், மட்டை, உரிமட்டை என்று தோப்பை விட்டு வெளியே போவதைக் கழித்தார்களா என்பதும் முக்கியம். பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்து வேண்டாம்.

பொள்ளாச்சித் தோப்பு எழுதியது:

நல்லது தம்பி. எழுத்தில் கேட்கிறேன்.

நாகை மாணவி எழுதியது:

சார், எல்லோரும் கோபுரத்தைத்தான் கடைசி நீதிபதி மாதிரி சொல்கிறீர்கள். பிச்சாவரத்தில் சதுப்புநிலக் காட்டுக்குள் கோபுரம் இருப்பது தெரியும். அந்தத் தரவை வைத்து என் நெல் கணக்கைச் சரிபார்க்கலாமா?

கோபுரத்து ஆள் எழுதியது:

கூடாது. பிச்சாவரம் உவர் நீரில் நிற்கும் மரம், உங்களுடையது நன்னீரில் நிற்கும் பயிர். தூரம் கிட்ட இருந்தாலும் இரண்டும் வேறு உலகம்.

கோபுரத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒலியால் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியும் அகச்சிவப்பால் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவியும் நொடிக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ பதிவு செய்கின்றன. மேலே போகும் காற்றுச் சுழலில் இருப்பதற்கும் கீழே வருவதில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அரைமணி நேரத்துக்குச் சராசரி எடுத்தால் நிகரப் பரிமாற்றம் கிடைக்கும். காற்று நன்றாக அடிக்கும் பகலில் இது அருமையாக வேலை செய்யும். ராத்திரி காற்று செத்துவிட்டால், மண் விட்ட மூச்சு கருவியின் உயரத்துக்கு ஏறாமல் தரையோடு படுத்து, பள்ளம் பார்த்துப் போய்விடும். அந்த அரைமணிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெப்பநிலையை வைத்து நிரப்புகிறோம். கோபுர ஜிபிபி என்பதும் நிகரத்தோடு, ராத்திரி சுவாசத்திலிருந்து ஊகித்த பகல் சுவாசத்தைக் கூட்டி வருவதுதான். அதுவும் ஒரு சின்ன மாடல். சில நூறு மீட்டர் சுற்றளவில் ஒரு வயலைப் பார்த்து, தினமும் நிஜக் காற்றைத் தொடுவதால்தான் அதன் பேச்சுக்கு மதிப்பு.

மாடல் தன் அனுமானத்தையே முடிவாகத் திருப்பித் தரும் ஆபத்து எப்போதும் உண்டு. 2010-இல் மாவோஷெங் ஜாவோவும் ஸ்டீவன் ரன்னிங்கும், பத்து வருடத்தில் உலகச் செடிகளின் நிகர உற்பத்தி, அதாவது தன் சுவாசம் போகச் செடியில் தங்குவது, 0.55 பில்லியன் டன் கார்பன் குறைந்தது என்று எழுதினார்கள். வெப்பம் ஏறினால் சுவாசம் இவ்வளவு கூடும் என்று மாடலுக்குள் முன்பே வைத்திருந்த சூத்திரத்திலிருந்தே அந்தச் சரிவு வந்திருக்கலாம் என்று பெலிண்டா மெட்லின் அடுத்த வருடம் அதே இதழில் வாதிட்டார். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் செடிக்குக் கிடைக்கும் ஊக்கமும் அந்தக் கணக்கில் இல்லை. மோடிஸ் ஜிபிபியில் நீண்ட காலப் போக்கைப் பற்றி ஒரு வரி எழுதும் முன் இதை நினைவில் வையுங்கள்.

நாகை மாணவி எழுதியது:

தரக்குறியை வைத்து வடிகட்டினேன். நவம்பரில் என் பிக்சல்களில் பெரும்பாலானவை மாற்றுச் சூத்திரத்தில் வந்தவைதான். வடிகட்டிய பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு மதிப்புதான் மிஞ்சுகிறது. மேலே எப்படிப் போவது?

கோபுரத்து ஆள் எழுதியது:

மோடிஸ் பிக்சல் ஒன்று ஐம்பது ஏக்கருக்கு மேல். டெல்டாவில் அதற்குள் வயல், வாய்க்கால், தென்னை வரிசை, ஊர், குளம் எல்லாம் வந்துவிடும். முதலில் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் தரும் பத்து மீட்டர் படத்தில் பார்த்து, முக்கால்வாசிக்கு மேல் நெல்லாக இருக்கும் பிக்சல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை இன்னும் குறையும், பரவாயில்லை.

அப்புறம் நடவுத் தேதி. மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் சென்டினல்-1 ரேடாரில், நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் கறுப்பாக விழும், பயிர் எழ எழ வெளுக்கும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் நெல் பரப்பைக் கணக்கிட இந்த ரேடார் முறையைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறது, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தேதி தெரிந்தால், மேகம் மறைத்த வாரங்களில் பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்று தெரியும். பிடித்த ஒளியின் பங்கை அதை வைத்து நிரப்பி, அட்டவணைத் திறனுக்குப் பதிலாக நெல்லுக்கென்று வெளியான திறன் மதிப்பைப் போட்டு, நீங்களே பெருக்குங்கள். கடைசியில் வட்டார விளைச்சலோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

நாகைக் கடைமடையில் நேரடி விதைப்பு அதிகம். அங்கே நடவு வயல் மாதிரி அந்தக் கறுப்புப் பள்ளம் தெளிவாக வராது, விதைத்த பின் பெய்த முதல் பெருமழையில்தான் வயல் கறுக்கும். அந்தப் புள்ளிகளைத் தனியாகப் பிரித்து, விதைத்த தேதியை விவசாயிகளிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.